ரெண்டு மருந்து சேர்த்தால் ஃப்ளூ சீக்கிரம் போகுமா?

போன ஜூலையில் ஒரு நாள் காலையிலிருந்தே மழை. மும்பை சயானில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாக எல்லார் போனிலும் செய்தி. தாராவி 90 அடி ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் மெடிக்கலில் ஆளே இல்லை. முக்காடு போட்டுக்கொண்டு ஆச்சி ஒருத்தி மட்டும் வந்து நின்றாள். எழுபதைத் தாண்டியவள், திருநெல்வேலிப் பக்கம், இருபது வருஷமாகச் சர்க்கரை. கையில் டாக்டர் சீட்டு. ஃப்ளூ காய்ச்சலுக்கு ஓசல்டாமிவிர் 75 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஐந்து நாள்.

பத்து காப்ஸ்யூலை எடுத்து வைத்துவிட்டு, கட்டுப்பாடு உள்ள மருந்துகளுக்கான எச்1 ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று பதிந்து மூன்று வருஷம் அந்த ஏட்டை வைத்திருக்க வேண்டும். ஆச்சிக்கு அதெல்லாம் பொறுமை இல்லை.

"ஒத்த மாத்திரதானா தம்பி? டிபிக்கு நாலு சேத்துக் குடுக்காவ. எனக்கு மட்டும் என்ன ஒண்ணு? கூட இன்னொண்ணு சேத்துக் குடேன், வெரசா போயிரும்லா."

சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னவோ சரியான கேள்விதான். உலகத்தில் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மண்டையை உடைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஆச்சி ஏன் 'ஆபத்து அதிகம் உள்ளவர்' கணக்கில் வருகிறாள் என்று பார்த்துவிடலாம். ஃப்ளூ என்பது இன்ஃப்ளுயன்சா வைரஸால் வரும் காய்ச்சல். பெரும்பாலானவர்கள் ஒரு வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்குத்தான் அது நிமோனியாவாகத் திரும்பவோ, ஏற்கெனவே இருக்கும் நோயைக் கிளறிவிடவோ வாய்ப்பு அதிகம். பன்றிக் காய்ச்சல் என்று 2009-ல் நாம் நடுங்கிய எச்1என்1 வைரஸும் இப்போது வருஷா வருஷம் வந்துபோகும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றுதான். நம் சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல் மட்டும் என்றால் ஏ. அவர்களுக்கு ஓசல்டாமிவிர் வேண்டாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் சி, உடனே ஆஸ்பத்திரி. ஆச்சி போன்றவர்கள் நடுவில் பி. வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் மருந்தைத் தள்ளிப்போடக்கூடாது.

அந்த மருந்து எவ்வளவு வேலை செய்யும்? அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால், காய்ச்சல் காலத்தில் ஏறக்குறைய ஒரு நாள் குறையும். அவ்வளவுதான். வீட்டிலிருந்தபடி எடுத்துக்கொண்டவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2023-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்தை இது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. மருந்து விற்கிறவனே இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். ஒற்றை மருந்தின் பலன் இவ்வளவு சுமாராக இருப்பதால்தான் 'சேர்த்துக் கொடுத்தால் என்ன' என்ற யோசனையே வந்தது.

வைரஸ் செய்யும் திருட்டுவேலை

சேர்ப்பது என்றால் எதையாவது எதோடாவது சேர்ப்பதில்லை. வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து, பெருகி, வெளியேறும் வழியில் பல கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மருந்தும் ஒரு கதவைத்தான் அடைக்கும்.

ஓசல்டாமிவிர் அடைப்பது கடைசிக் கதவை. பலாப்பழம் வெட்டியிருப்பீர்கள். பிசின் கையில் அப்பிக்கொள்ளும், எண்ணெய் தடவாமல் வெட்டினால் சுளையோடு சேர்ந்து விரலும் ஒட்டும். செல்லிலிருந்து பிறந்து வெளியே வரும் புது வைரஸும் அப்படித்தான், செல்லின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிசினை அறுத்துக்கொள்ள வைரஸ் தன் மேலேயே கத்தி வைத்திருக்கிறது. பெயர் நியூராமினிடேஸ். எச்1என்1 என்பதில் வரும் 'என்' இதுதான். ஓசல்டாமிவிர் இந்தக் கத்தியை மழுங்கடிக்கிறது. பிறந்த வைரஸ் பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அமண்டடின் முன்கதவு மருந்து, மிகப் பழையது. உள்ளே நுழைந்த வைரஸ் தன் பொட்டலத்தைப் பிரிக்க எம்2 என்ற சின்னத் துளை வழியாக அமிலத்தை உள்ளே இழுக்கும். அந்தத் துளையில் போய் அடைத்துக்கொள்ளும் மருந்து இது. ஏ வகை ஃப்ளூவிடம்தான் இதன் பாச்சா பலிக்கும், பி வகையிடம் பலிக்காது. ரிபாவிரின் வைரஸ் தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும்போது குளறுபடி செய்யும்.

புதிதாக வந்த பலோக்சாவிர்தான் எனக்குப் பிடித்த ஆள். 2018-ல் முதலில் ஜப்பானிலும், அதே வருஷம் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. நம் செல்லின் செய்தி இழைகளுக்குத் தலையில் ஒரு தொப்பி உண்டு. தொப்பி இருந்தால்தான் செல்லின் இயந்திரம் அந்தச் செய்தியை மதிக்கும். ஃப்ளூ வைரஸுக்குச் சொந்தத் தொப்பி கிடையாது. தாதர் ஸ்டேஷன் நெரிசலில் பாக்கெட் அடிக்கிறவன் மாதிரி, நம் இழையின் தலையை நறுக்கித் தொப்பியைத் திருடித் தன் செய்திக்கு மாட்டிக்கொள்ளும். பலோக்சாவிர் அந்தத் திருட்டுக் கையைப் பிடித்துவிடும். ஒரே ஒரு வேளை விழுங்கினால் போதும் என்பது கூடுதல் வசதி.

டிபி சொல்லிக்கொடுத்த பாடம்

ஆச்சி டிபியை இழுத்தது தற்செயலாகவே இருக்கட்டும், கூட்டுமருந்து என்ற யோசனையின் தாய்வீடு அதுதான். கிருமி பெருகும்போது படியெடுப்பதில் பிழை விழும். சில பிழைகள் மருந்துக்கு அடங்காத கிருமியை உண்டாக்கிவிடும். ஒரு பேச்சுக்கு, லட்சத்தில் ஒரு கிருமி ஒரு மருந்துக்கு அடங்காது, லட்சத்தில் ஒன்று இன்னொரு மருந்துக்கு அடங்காது என்று வையுங்கள். இரண்டுக்குமே அடங்காதது ஆயிரம் கோடியில் ஒன்றுதான் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் தப்பிக்க வழி அடைபடும். டிபிக்கு நான்கு, எச்ஐவிக்கு மூன்று என்று சேர்த்துக் கொடுப்பதன் கணக்கு இது.

ஃப்ளூவிலும் மருந்து தோற்ற கதைகள் உண்டு. 2005, 2006-க்குள் எச்3என்2 வைரஸ்களில் பெரும்பாலானவை அமண்டடினுக்கு அடங்காதவையாகிவிட்டன. 2009-ல் வந்த எச்1என்1 பிறக்கும்போதே அமண்டடினுக்கு அடங்காப்பிடாரி. ஓசல்டாமிவிருக்கும் 2008-09 பருவத்தில் அந்த நிலை வந்தது. அப்போது சுற்றிக்கொண்டிருந்த பழைய எச்1என்1 உலகம் முழுக்க ஏறக்குறைய மொத்தமாகவே அந்த மருந்துக்கு அடங்காமல் போயிற்று. பிறகு நாம் தப்பியது எப்படி? 2009-ன் புது எச்1என்1 வந்து பழையதைத் துரத்திவிட்டது, புதியது ஓசல்டாமிவிருக்கு அடங்கியது. வெறும் அதிர்ஷ்டம்.

இதற்கிடையே ஆய்வுக்கூடத்தில் ஒரு வினோதம் தெரிந்தது. ஓசல்டாமிவிர், அமண்டடின், ரிபாவிரின் மூன்றையும் சேர்த்தால் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன; அமண்டடினுக்கு அடங்காத வைரஸிடமும்கூட. கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்தது மனிதரிடம் நடக்குமா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

குலுக்கல் எதற்கு?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் வாசகர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 'என் மச்சானுக்கு ரெண்டு மருந்து கொடுத்தாங்க, மூணே நாளில் எழுந்துட்டான்' என்பது சான்று ஆகாது. மச்சான் மருந்தே இல்லாமலும் மூன்று நாளில் எழுந்திருப்பானோ என்னவோ. டாக்டர்கள் தாமாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலும் குழப்பம்தான். மோசமாக இருப்பவர்களுக்குத்தான் இரண்டு மருந்து போகும், அவர்களில் அதிகம் பேர் இறப்பார்கள், பழி மருந்தின் மேல் விழும். ஆகவே யாருக்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடுகிறார்கள். குலுக்கினால் வயதும் சர்க்கரையும் புகைப் பழக்கமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். மிஞ்சும் வித்தியாசம் மருந்துடையது என்று நம்பலாம்.

இது ஏதோ சீமைச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய டிபி ஆய்வு மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. அதுவும் கூட்டுமருந்துதான், ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டு டிபி மருந்துகள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் முடிவு வந்தது. உலகமே டிபி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கத் துணிந்ததற்கு அந்தச் சேத்துப்பட்டுக் குலுக்கல் முக்கியக் காரணம்.

மூன்று மருந்து ஃப்ளூ ஆய்வுக்கு வருவோம். 2011 முதல் 2016 வரை, அமெரிக்கா, தாய்லாந்து, மெக்சிகோ, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா ஆகிய ஐந்து நாடுகளில் 50 மையங்கள். ஆபத்து அதிகம் உள்ள பெரியவர்கள் 633 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று மருந்தும். மறுபக்கத்துக்கு ஓசல்டாமிவிரும் கூடவே சத்தில்லாத போலி மாத்திரையும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் 'எனக்கு மூணு மருந்து' என்ற தெம்பிலேயே பாதி காய்ச்சல் போய்விடும். இருபக்கமும் ஓசல்டாமிவிர் இருந்ததைக் கவனியுங்கள். ஆபத்தில் இருப்பவரிடமிருந்து வழக்கமான மருந்தைப் பிடுங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்வது தர்மமில்லை. அதனால் இங்கே கேள்வி 'மருந்து உண்டா இல்லையா' என்பதல்ல, 'வழக்கமானதோடு கூடச் சேர்ப்பதால் லாபமா' என்பது.

எதை அளப்பது? இதுதான் கட்டுரையின் உயிர்நிலை. நியாயமாகப் பார்த்தால் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று அளக்க வேண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100-ல் 3 பேர் சேர்வது 2 பேராகக் குறைகிறது என்று நிரூபிக்க, ஒவ்வொரு பக்கமும் நாலாயிரம் பேர் வரை வேண்டியிருக்கும். 633 பேரைத் திரட்டவே ஐந்து வருஷம் ஆனது. அதனால் குறுக்குவழியாக, மூன்றாம் நாள் மூக்கிலிருந்து எடுத்த பஞ்சில் வைரஸ் இருக்கிறதா என்று அளந்தார்கள். நேரடிப் பலனுக்குப் பதில் நிற்கும் இந்த மாதிரி அளவைப் பதிலி அளவு என்று சொல்லலாம்.

முடிவு 2017-ல் வெளிவந்தது. ஃப்ளூ உறுதியாகி முக்கியக் கணக்கில் சேர்ந்தவர்கள் 394 பேர். மூன்றாம் நாள் வைரஸ் தென்பட்டது, மூன்று மருந்துக்காரர்களில் 200-க்கு 80, அதாவது 40 சதவீதம். ஒற்றை மருந்துக்காரர்களில் 194-க்கு 97, அதாவது 50 சதவீதம். இந்த வித்தியாசத்துக்கான பி மதிப்பு 0.046. உண்மையில் இரண்டு வைத்தியத்துக்கும் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் குலுக்கல் விளையாட்டாலேயே இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தெரிய 100-ல் 5-க்குச் சற்றுக் குறைவான வாய்ப்புதான் என்று அதற்குப் பொருள். 0.05-க்குக் கீழே வந்தால் தேர்ச்சி என்பது வழக்கம். ஆக, மயிரிழையில் பாஸ்.

சரி, ஆட்கள் சீக்கிரம் எழுந்தார்களா? ஒற்றை மருந்துக்காரர்களுக்கு அறிகுறிகள் நான்கு நாளில் தணிந்தன. மூன்று மருந்துக்காரர்களுக்கு நாலரை நாள். அந்த அரை நாள் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் லாபம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மூக்கு சுத்தமாயிற்று, ஆள் படுக்கையிலேயே கிடந்தார்.

எப்படி? ஃப்ளூவில் நம்மைப் போட்டு அடிப்பது வைரஸ் மட்டுமல்ல. உடம்பு வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் நம் எதிர்ப்புச் சக்தி எழுப்பும் ஆர்ப்பாட்டம். அது வைரஸ் குறைந்ததும் உடனே அடங்காது. கூடச் சேர்த்த மருந்துகளுக்கும் தங்கள் தொல்லை உண்டு. ரிபாவிரின் ரத்தச் சோகை கொண்டுவரலாம், கருவுக்குக் கேடு. அமண்டடின் தூக்கத்தைக் கெடுக்கும், தலைசுற்றும். பதிலி அளவை நம்பி மோசம் போன பெரிய கதை இதய மருத்துவத்தில் இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு தாறுமாறாக விழும் இதயத் துடிப்புகளை அடக்கிய மருந்துகளை, அடக்கியது என்பதற்காகவே டாக்டர்கள் எழுதி வந்தார்கள். குலுக்கல் முறையில் சோதித்தபோது, அந்த மருந்து எடுத்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்று 1989-ல் தெரியவந்தது. துடிப்புக் காகிதத்தில் கோடு அழகாக இருந்தது.

மற்ற சேர்க்கைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-09 குளிர்காலத்தில் பிரான்சில் 541 பேரிடம் ஓசல்டாமிவிரையும் உறிஞ்சும் மருந்தான ஜனாமிவிரையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டுமே அதே பலாப்பிசின் கத்தியைத்தான் மழுங்கடிப்பவை. சேர்த்தது, ஓசல்டாமிவிர் தனியாகச் செய்ததைவிட மோசமாகவே வேலை செய்தது! ஒரே வாசலில் இரண்டு வாட்ச்மேன். வேறு வேறு கதவு வேண்டும் என்ற பாடம் அங்கே வந்தது. அப்படியே ஆஸ்பத்திரியில் சேர்ந்த கடுமையான நோயாளிகளுக்குக் கத்தி மருந்தோடு பலோக்சாவிரைச் சேர்த்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளிவந்தது. 366 பேர். தேறுவதற்கு ஆன நேரம் சேர்த்தவர்களுக்கு 97.5 மணி, சேர்க்காதவர்களுக்கு 100.2 மணி. வித்தியாசம் என்று சொல்ல முடியாது. வைரஸ் வெளியேறுவது மட்டும் சேர்த்தவர்களுக்குச் சீக்கிரம் நின்றது. மறுபடியும் அதே கதை, மூக்கு ஒன்று சொல்கிறது, ஆள் ஒன்று சொல்கிறார்.

ஒன்று மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது. ஹாங்காங்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதியவர்களுக்கு ஓசல்டாமிவிரோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் நாப்ராக்சென் என்ற வலி மருந்தும் இரண்டு நாள் சேர்த்தார்கள். 30 நாளில் இறந்தவர்கள், சேர்த்தவர்களில் 107-க்கு 1, சேர்க்காதவர்களில் 110-க்கு 9. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. ஒரே ஆஸ்பத்திரி, யாருக்கு எது என்று எல்லாருக்கும் தெரியும், நாலைந்து மரணம் அங்கே இங்கே மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். இதைப் பெரிதாக இன்னொரு இடத்தில் செய்து பார்க்காமல் நம்புவது எப்படி? இங்கே கவுண்டரில் நின்று பாருங்கள், தும்மினாலே ஆன்டிபயாடிக் கேட்கும் ஊர் இது. இந்தச் சேதி வாட்ஸாப்பில் வந்தால் என் கதி என்ன? நாப்ராக்சென் சர்க்கரைக்கார ஆச்சியின் சிறுநீரகத்துக்கு ஆகவே ஆகாமலும் போகலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் புதுப்பித்த வழிகாட்டுதல், கடுமையாகும் ஆபத்துள்ள ஆனால் இன்னும் கடுமையாகாத நோயாளிகளுக்குப் பலோக்சாவிர் தரலாம் என்றும், கடுமையானவர்களுக்கு ஓசல்டாமிவிர் தரலாம் என்றும் நிபந்தனையோடு சொல்கிறது. இரண்டுமே ஒற்றை மருந்துதான். இதனால் கூட்டுமருந்துக் கதை முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களிடம் வைரஸ் வாரக்கணக்கில் குடியிருக்கும், அடங்காத ரகம் முளைக்கவும் அங்கேதான் நேரம் கிடைக்கும். டிபி கணக்கு பொருந்தக்கூடிய இடம் அது. ஐந்து நாளில் தானாகப் போகும் காய்ச்சலில் அதே கணக்கைத் தேடியதுதான் தப்போ என்று தோன்றுகிறது.

ஆச்சி நாலாம் நாள் மறுபடி வந்தாள். மழை விட்டிருந்தது. முந்தானையிலிருந்து ஸ்ட்ரிப்பை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். நாலு காப்ஸ்யூல் மிச்சம்.

"காய்ச்ச விட்டுட்டு தம்பி. இத எடுத்துக்கிட்டு காசக் குடு. இல்லன்னா பேரனுக்கு வச்சுக்கிடட்டா?"

"பேரனுக்கெல்லாம் வேண்டாம் ஆச்சி. காய்ச்சல்தான் விட்டிருக்கு, அது போச்சான்னு நமக்குத் தெரியாதே. இந்த மருந்து சாப்பிட்டவங்கள்லயே பாதிப் பேர் மூக்குல மூணாம் நாள் அது இருந்திருக்கு. கடைசியா எப்போ போட்டீங்க?"

"நேத்து ராத்திரி."

டாக்டருக்குப் போன் போட்டேன். காலை வேளையை இப்போதே போடச் சொல்லி, மீதியையும் முடிக்கச் சொன்னார். ஆச்சிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். என்னை முறைத்துக்கொண்டே விழுங்கினாள்.